தண்டவாளத்தை அழித்தவர்

முப்பத்தொரு வருடமாக நான் நடந்து தேய்த்த தண்டவாளத்தை என் அத்தான் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அழித்தார். குண்டு வைத்தெல்லாம் இல்லை. அந்தத் தைரியம் இருந்திருந்தால் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டிருப்பேன். ரப்பரை வைத்து அழித்தார்.

அத்தான் என் அக்காவின் கணவர். நகராட்சியில் நகரமைப்புப் பிரிவில் வரைவாளர். இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்கு ஒரு பாராட்டு மலர் போடுகிறார்களாம். ஊழியர் சங்கச் செயலாளர் வீடு தேடி வந்து, "வீட்டாளு ஒருத்தர் நாலு நல்ல வார்த்தை எழுதினா எடுப்பா இருக்கும்" என்றார். நானும் மூன்று நாள் உட்கார்ந்து தேடினேன். இரண்டுதான் கிடைத்தது. கையெழுத்து அழகாக இருக்கும். ஆபீசுக்கு ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. மிச்சமெல்லாம் கீழே இருப்பதுதான். இதை மலரில் போட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் மனம் விட்டே எழுதுகிறேன்.

ஆபீசில் அவருக்கு 'ரப்பர்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் அல்ல, நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் "என்ன சார்?" என்று திரும்புவார். எந்தப் படத்தையும் முதலில் பென்சிலில்தான் போடுவார். பேனாவைத் தொடுவதற்கு முன் மூன்று முகங்களைப் பார்த்தாக வேண்டும்: பொறியாளர், ஆணையர், தலைவர். மூன்றில் ஒன்று சுளித்தாலும் ரப்பர் கைக்கு வந்துவிடும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஊரின் அடிப்படைத் தாள் அவர் மேஜையில்தான் இருந்தது. அவர் போட்டுக் கொடுத்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். செல்போனைத் திறந்தால் ஊரே தெரிகிறது என்று நாம் சொல்லலாம். ஆபீசுக்கு அந்தத் தாள்தான் ஊர்.

ஒரு முறை தலைவரின் மைத்துனர் மாடி வீடு கட்டினார். பொதுக்கிணற்றுக்குப் பக்கத்தில் அத்தனை உயரம் கட்டக்கூடாது என்று விதி. வீட்டைக் குறைக்க முடியாதே, அதனால் கிணற்றைக் குறைத்தார்கள். அத்தான் அழித்தார். இன்றைக்கும் அந்தத் தெருவில் கிணறு இருக்கிறது, வாளியும் கயிறும் இருக்கிறது, படத்தில் மட்டும் இல்லை. இதற்காக அவர் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வாங்கியிருந்தால் ஆசைப்பட்டான் என்று ஒரு காரணமாவது சொல்லலாம். இவர் "நல்ல மனுஷன்பா, ஒண்ணும் பேச மாட்டான்" என்ற ஒரு வார்த்தைக்காக ஒரு கிணற்றையே தின்றவர்.

அக்கா வேறு ரகம். தண்டவாளத்துக்கு எங்கள் பக்கம் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். நகராட்சி நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி, மொத்தம் நாலு கட்டில். மூன்றாவது கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்திருக்கும். வாசலில் ஒரு பெஞ்சு, உள்ளே குழந்தையை நிறுக்கும் தராசு, அதற்கு மேலே ஒரு சுவர்க்கடிகாரம். பிறந்த நேரம் ஒரு நிமிஷம்கூடத் தப்பாகப் பதியக்கூடாது என்று தினமும் காலையில் வந்ததும் கடிகாரத்தைத்தான் முதலில் சரிபார்ப்பாள். பிறப்புப் பதிவேட்டோடு ஒரு நீலப் பேனாவைப் பாண்டேஜ் துணியால் கட்டி வைத்திருந்தாள். ஆணையரே பார்வையிட வந்து கையெழுத்துப் போடப் பேனா கேட்டபோது, "அது இதுக்கு மட்டும்தான் சார்" என்று சொல்லிவிட்டாள். இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் குடிவைத்தவர்களை என்ன சொல்வது?

எங்கள் ஊரைத் தண்டவாளம் இரண்டாகப் பிளக்கிறது. எங்கள் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி, அந்தப் பக்கம் ஒன்று. முன்பு நடுவில் கேட் இருந்தது. ஊருக்கு வெளியே பாலம் கட்டியதும் கேட்டை மூடிவிட்டார்கள். அந்தப் பாதையில் நான் கீமேன். தினமும் காலையில் சுத்தியலோடு தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, எங்கே என்ன கழன்றிருக்கிறது என்று பார்த்து இறுக்குகிற வேலை. அத்தான் பார்வையில் இது கூலி வேலை. வீட்டுக்கு வந்தவர்களிடம் "மச்சினன் ரயில்வேல இருக்கான்" என்று மட்டும் சொல்லுவார். என்னவாக இருக்கிறேன் என்பதை அழித்துவிடுவார்.

இந்த நகராட்சிக்கு ஒரு வியாதி உண்டு. கையில் இருக்கும் வேலையை யாரிடமாவது தள்ளிவிட்டால்தான் அதற்குத் தூக்கம் வரும். முதலில் தெருவிளக்கை ஒரு கம்பெனியிடம் கொடுத்தார்கள். விளக்கு எரியவில்லை என்று போன் செய்தால், எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், "உங்க ஊர்ல இப்ப பகலா, ராத்திரியா சார்?" என்று கேட்டாள். அடுத்து குப்பை. ஒப்பந்தத்தில் வண்டி எத்தனை நடை வந்தது என்றுதான் கணக்காம், எத்தனை குப்பை எடுத்தது என்று இல்லை. வண்டி தெருமுனை வரை வந்து, வட்டமடித்து, வெறும் வயிற்றோடு திரும்பிப் போகும். இதற்கு ஆண்டு இறுதியில் பாராட்டுத் தீர்மானம் வேறு. ஒட்டுமொத்த மன்றமும் மேஜையைத் தட்டியது.

மூன்றாவதாகப் பிரசவ ஆஸ்பத்திரிகள்மேல் கண் விழுந்தது. இரண்டையும் மூடிவிட்டு, அந்தப் பக்கம் பழைய ஆஸ்பத்திரியை இடித்து ஒரே கட்டடமாகக் கட்டி, ஒரு கம்பெனியிடம் ஒப்படைப்பது என்று திட்டம். ஒரு இடைஞ்சல்தான். எந்த வீட்டிலிருந்தும் ஒரு கிலோமீட்டருக்குள் பிரசவ ஆஸ்பத்திரி இருக்க வேண்டும் என்று விதி. அதைச் சமாளிக்க வெளியூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். டை கட்டியவர். அந்த வெயிலிலும் அவர் ஷூவில் ஒரு தூசி ஒட்டவில்லை, ஏனென்றால் மூன்று மாதமும் ஆணையர் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவர் சொன்னபடி அத்தான் காம்பஸை எடுத்து, புதுக் கட்டடத்தில் முள்ளைக் குத்தி, ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் ஊர் முழுக்க வந்துவிட்டது. நடுவில் கறுப்பாக ஒரு கோடு மட்டும் குறுக்கே ஓடியது.

அங்கே நடந்த பேச்சை அத்தானே பின்னால் என்னிடம் சொன்னார், ஏதோ நியாயம் கேட்பவர் மாதிரி.

"இந்தக் கோடு என்ன?" என்று கேட்டாராம் ஆலோசகர்.

"தண்டவாளம் சார்."

"நகராட்சி சொத்தா?"

"இல்ல சார், ரயில்வே சொத்து."

"நம்ம சொத்து இல்லாதது நம்ம படத்துல எதுக்கு? வட்டத்துக்கு நடுவுல பாக்கவே நல்லா இல்ல. கூட்டத்துல யாராவது கேள்வி கேப்பாங்க."

அவ்வளவுதான். தினமும் இருபத்தாறு வண்டி ஓடும் பாதையை அத்தான் பத்து நிமிஷத்தில் துடைத்து, தூளை ஊதித் தள்ளிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். அவனுக்காவது ஒரு தட்டுச் சோறு தேவைப்பட்டது.

மன்றத்தில் அன்றைக்கு உறுப்பினர்கள் படத்தைச் சுற்றி நின்று பார்த்தார்களாம். அதில் நாலு பேர் வீடு தண்டவாளத்தை ஒட்டியது. வண்டி போனால் வீட்டில் பாத்திரம் ஆடும். ஒருவர்கூட "எங்கய்யா தண்டவாளம்?" என்று கேட்கவில்லை. எல்லோரும் அவரவர் வீடு வட்டத்துக்குள் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மறுநாளே அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியைப் பூட்டிக் கூரையைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியை இரண்டு மாதத்தில் மூட உத்தரவு. பொதுமக்கள் பார்வைக்கு என்று படத்தின் நகல் ஒன்று அக்காவின் ஆஸ்பத்திரிச் சுவரிலேயே ஆணி அடித்து மாட்டப்பட்டது. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாமாம்.

அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"என்னங்க, படத்துல தண்டவாளத்தக் காணோமே?"

அத்தான் பேப்பரை மடித்தார். "அது தெளிவுக்காக எடுத்தது."

"யாருக்குத் தெளிவு?"

"படத்துலதானே எடுத்தேன்? நேர்ல போய்ப் பேத்தா எடுத்தேன்?"

"வலி எடுத்த பொம்பள எப்படிங்க அந்தப் பக்கம் போவா? பாலத்தச் சுத்தியா?"

"அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும். ஒப்பந்தத்துல இருக்கும்."

"இருக்கும்னா? நீங்க படிச்சீங்களா?"

"அது என் பிரிவு இல்ல."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமாம். பூனையாவது தன் கண்ணை மட்டும்தான் மூடும்.

அக்கா கத்தவில்லை. மறுநாள் முதல் மனு எழுத ஆரம்பித்தாள். நான் விடுப்புப் போட்டு, டேப்பைப் பிடித்து அளந்து கொடுத்தேன். தண்டவாளத்தைத் தாண்டி நேராகப் போனால் அக்காவின் ஆஸ்பத்திரியிலிருந்து புதுக் கட்டடம் எண்ணூற்று இருபது மீட்டர். மனிதர்கள் போகக்கூடிய பாலத்து வழியாகப் போனால் நாலு கிலோமீட்டர் அறுநூறு. அதையும் எழுதி, பஸ் கிடையாது என்பதையும் எழுதி, இருநூற்றுப் பதினாலு பெண்களிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்களே பாதிப் பேர்.

மனு தலைவரிடம் போனது. தலைவர் ஆணையருக்கு அனுப்பினார், ஆணையர் பொறியாளருக்கு, பொறியாளர் நகரமைப்புப் பிரிவுக்கு. நகரமைப்புப் பிரிவு என்றால் யார்? அத்தான். கட்டிய மனைவி கைப்பட எழுதிய மனு, அவள் கையால் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. வேறு ஒருவன் என்றால் அந்த இடத்தில் நாற்காலி சுட்டிருக்கும். இவர் பதினோராம் நாள் பதில் வரைவு தயாரித்து மேலே அனுப்பினார். வீட்டில் மூச்சு விடவில்லை. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த அன்றுதான் அக்காவுக்கே தெரியும். அந்தக் கடிதத்தை நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

"தங்கள் மனு கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. இப்பிரிவின் வசமுள்ள வரைபடத்தின்படி தாங்கள் குறிப்பிடும் பகுதியில் இருப்புப்பாதை ஏதும் இல்லை. எனவே தங்கள் ஆட்சேபணை ஏற்புடையதல்ல என்று தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

கீழே ஆணையர் கையெழுத்து. இடது ஓரத்தில், வரைவு எழுதியவர் போடும் சின்னக் கையெழுத்து. அழகான கையெழுத்து.

அக்கா அன்றைக்கும் அவருக்குத் தட்டு வைத்துப் பரிமாறினாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வரும்வரை காத்திருந்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள். "இத எழுதும்போது ரயில் சத்தம் கேக்கலையா உங்களுக்கு? ஆபீசுக்குப் பின்னாடிதானே போகுது?"

"ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு" என்றார்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் மரியாதை கெட்டிருக்கும். பின்னாலேயே அக்கா வந்து கடிதத்தை என் கையில் கொடுத்தாள்.

"இருநூத்திப் பதினாலு பேர் சொன்னா அவங்களுக்குக் காது கேக்காது தம்பி. தண்டவாளம் யாருதோ அவங்ககிட்டக் காட்டு."

எங்கள் செக்ஷன் என்ஜினியர் கோபக்காரர். ஒரு போல்ட் லூசாக இருந்தால் சொந்தப் பல் ஆடுவதுபோல் துடிப்பார். மேஜைமேல் கடிதத்தை வைத்தேன். மூன்று தரம் படித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு சரக்கு வண்டி போய், அவருடைய டீ கிளாஸ் நகர்ந்தது.

"இல்லையாமா?" என்றார். "அப்ப முப்பது வருஷமா நீ எதுமேலய்யா நடந்துட்டு இருக்க?"

அதற்குப் பிறகு நடந்தது வேடிக்கை. ரயில்வேயிலிருந்து ஆட்கள் வந்து புதுக் கட்டட இடத்தை அளந்தார்கள். படத்தில் தண்டவாளமே இல்லாததால் அதற்கு விடவேண்டிய ஓர இடத்தையும் யாரும் விடவில்லை. கூரை பிரித்த பழைய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தோண்டியிருந்த அஸ்திவாரம் ஆறு மீட்டர் ரயில்வே நிலத்துக்குள் போயிருந்தது. வேலையை நிறுத்து என்று நோட்டீஸ் வந்தது. நகராட்சி ஆடிப்போய்விட்டது. இருநூற்றுப் பதினாலு பெண்களின் வயிற்றைப் பார்த்து அசையாத மன்றம், ஒரு முத்திரை குத்திய தாளைப் பார்த்ததும் அவசரக் கூட்டம் போட்டது. அதே வாய்கள், அதே மேஜை, அதே ஏகமனது. திட்டம் ரத்து. கம்பெனி கழன்றுகொண்டது. ஆலோசகர் எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஊரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

"எவன்யா கோட்ட அழிச்சது?" என்று தலைவர் கத்தினாராம். எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள்.

அத்தான் எழுந்து நின்று சொன்னார்: "பென்சில் கோடு சார். நாளாக நாளாக மங்கியிருக்கும்."

அக்காவின் ஆஸ்பத்திரி தப்பித்தது. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கூரை இல்லை. அதைத் திரும்பப் போடுவதற்கு இன்னும் தீர்மானம் வரவில்லை. பிரிக்க ஒரு நாள் போதும், போடத்தான் பல கூட்டம் வேண்டும்.

இந்தக் கூத்தில் கடைசிப் பாட்டு ஒன்று பாக்கி இருந்தது. தண்டவாளத்தையும் ரயில்வே எல்லைக் கற்களையும் அளந்து குறித்துப் புதுப் படம் அனுப்பச் சொல்லி ரயில்வே கேட்டது. பழைய தாள் ஒன்றே ஒன்று, அதைத்தான் இவர் துடைத்துவிட்டாரே. எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு, கக்கத்தில் சுருட்டிய தாளோடு அத்தான் என் எதிரில் வந்து நின்றார். "மாப்ள, கொஞ்சம் கூட வந்து காட்டேன்" என்றார். முப்பத்தாறு வருடம் ஊரை வரைந்தவர் முதல் தடவையாக ஊரைப் பார்க்க வந்திருந்தார்.

கூட்டிக்கொண்டு நடந்தேன். ஜல்லியில் அவருக்குக் கால் பிரண்டது. மூன்று கல் வரை குறித்திருப்பார். சிக்னல் கிடைக்காமல் ஒரு சரக்கு வண்டி நீளமாக நின்றிருந்தது. நடுவில் ஒரு பெட்டிக்கு அடியிலிருந்து முதலில் ஒரு துணிப்பை வெளியே வந்தது. பின்னால் ஒரு கை. அத்தான் காலடியில்தான் வந்தது.

"அண்ணே, இதக் கொஞ்சம் பிடிங்க" என்றாள் உள்ளேயிருந்து ஒரு பெண்.

நிறைமாதம். அந்தப் பக்கம் கூரை போய்விட்டதே, அக்காவின் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். மல்லாந்து, வயிற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் முதுகால் நகர்ந்து வந்தாள். நான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி, அக்குளுக்கு அடியில் கை கொடுத்து இழுத்தேன். அத்தான் பையைப் பிடித்தபடி நின்றார். அவளை எழுப்பி நிறுத்தி நாலு அடி தள்ளிக் கொண்டுபோனேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, முன்பெட்டியிலிருந்து பின்பெட்டி வரை 'டங் டங்' என்று சங்கிலி இழுபட்டு, நகர ஆரம்பித்தது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பை" என்று கை நீட்டினாள். வாங்கிக்கொண்டு இடுப்பைப் பிடித்தபடி ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.

அத்தான் அவள் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையில் கரி. அந்த ஒரு நிமிஷம் எனக்கு மனசு இளகிவிட்டது. ஆள் திருந்திவிட்டார், இன்றைக்கு ராத்திரி அக்காவிடம் நாலு வார்த்தை பேசிவிடுவார் என்று நினைத்தேன். நானும் ஒரு முட்டாள்தான்.

வண்டி முழுசாகப் போகும்வரை காத்திருந்துவிட்டு அத்தான் தாளை விரித்தார். "மாப்ள, இந்தக் கோட்ட மெல்லிசா பென்சில்லயே போட்டுடறேன். தலைவருக்கு இன்னும் கோபம் அடங்கல. நாளைக்கு வேற மாதிரி சொன்னாருன்னா?"

சுத்தியலை எடுத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

பென்சிலில்தான் போட்டார். ரயில்வேக்கு ஒரு நகல் போனது. அடிப்படைத் தாளையும் பொதுமக்கள் பார்வைக்கு ஒரு வாரம் வைக்க வேண்டுமாம். பழைய ஆணியிலேயே ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்ட அவரே கொண்டுவந்தார். நானும் அங்கே இருந்தேன். வண்டிக்கு அடியில் வந்த பெண் மூன்றாவது கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் பெண் குழந்தை. அக்கா படத்துக்கு அருகில் போய் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பார்த்தாள். கோடு இருந்தது, மூச்சு விட்டால் கலைந்துவிடும்போல இருந்தது.

உள்ளே போய்ப் பிறப்புப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேனாதான் அதோடு கட்டியிருக்கிறதே. பதிவேட்டை இடது கையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாண்டேஜ் துணி எட்டுகிற தூரத்துக்கு ஒட்டி நின்று, அந்த நீலப் பேனாவால் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தண்டவாளத்தைப் போட்டாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இரண்டு இடத்தில் தாள் கிழிந்தது.

"ஐயோ, அது ஆபீஸ் ரெக்கார்டு" என்று அத்தான் பதறினார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கேதான் ரப்பரை வைத்திருப்பார்.

அக்கா பேனாவை மூடினாள். "அழிங்க பாப்போம்" என்றாள்.